2011-இல் நின்றுபோன வாடகை

இங்கிலாந்தில் கடை, உணவகம், அலுவலகம், கிடங்கு என வணிகத்துக்குப் பயன்படும் இடங்களின் மீது ஆண்டுதோறும் விழும் சொத்து வரிக்கு ‘பிசினஸ் ரேட்ஸ்’ என்று பெயர். அதற்கான சீட்டை அனுப்புவதும், தவணை தவறினால் நினைவூட்டுவதும், அப்போதும் பணம் வராவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றப் படியேற்றுவதும் கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றமே என்பதால், வரியைத் தீர்மானிப்பதும் அதுவே என்று கருதி வசவையும் அதன் மீதே இறக்குவோர் பலர். அந்த வசவில் பாதிகூட நியாயமில்லை. இடத்தின் மதிப்பைக் கணிப்பது மத்திய அரசின் மதிப்பீட்டு முகமை. வரி விகிதத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. மன்றத்துக்கு வாய்த்திருப்பது தண்டல்காரர் வேலை.

மதிப்பைக் கணிக்கும் முறை சற்று நின்று பார்க்கத்தக்கது. ஓர் இடத்தைக் குறிப்பிட்ட ஒரு நாளில் வெளிச்சந்தையில் வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்ற மதிப்பீடே வரிக்குரிய மதிப்பு. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பட்டியலுக்கு அந்த நாள் 2021 ஏப்ரல் 1. கடைகளுக்குப் பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கில், தெருவை ஒட்டிய முதல் 6.1 மீட்டர் ஆழத்துக்குச் சதுர மீட்டருக்கு முழு விலை, அடுத்த 6.1 மீட்டருக்கு அதில் பாதி, அதற்கும் பின்னால் பாதியில் பாதி. கிழக்கு லண்டனில் நியூஹாம் மன்றத்தின் எல்லைக்குள், ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இலங்கைத் தமிழர் நடத்தும் மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்கொண்டால், முருங்கைக்காயும் வாழைப்பூவும் கண்ணில் படும்படி அடுக்கிய முன்பகுதிக்கு முழு மதிப்பும், அரிசி மூட்டைகள் கிடக்கும் பின்கட்டுக்குக் கால் மதிப்பும் போடப்படும். ஒரே பரப்புள்ள இரு கடைகளில் தெருமுகம் அகன்றதற்கு வரி கூடுவதும், ஒடுங்கி நீண்டதற்குக் குறைவதும் இதனாலேயே. இப்படிக் கூட்டி வந்த மதிப்பு 30,000 பவுண்டு என்றால், 2024-25-ஆம் ஆண்டின் சிறு வணிக விகிதமாகிய பவுண்டுக்கு 49.9 பென்ஸ்படி, சலுகைகளைக் கழிப்பதற்கு முன் வரி 14,970 பவுண்டு. ஒரே இடத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு மதிப்பு 12,000 பவுண்டுக்கு மேற்படாவிட்டால் வரியே இல்லை. 15,000-ஐ எட்டுவதற்குள் அந்தச் சலுகை படிப்படியாகக் கரைந்துவிடும்.

இந்த வரியின் பிறப்புக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள தூரம் பெரிது. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் 1601-இல் வந்த ஏழையர் நிவாரணச் சட்டம், பாரிஷ் என்னும் திருச்சபை வட்டாரம் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் வீடும் நிலமும் வைத்திருப்போரிடம் வரி தண்டி, அதே எல்லைக்குள் வாழும் ஆதரவற்றோரைக் காக்க வேண்டும் என்றது. விகிதம் முடிவானதும், பணம் பிரிந்ததும், செலவானதும் ஒரே ஊரில். அந்த ஏற்பாட்டில் கொடுமைகள் குறைவில்லை. ஆனால் ஊர்ச் சொத்துக்கும் ஊர் ஏழைக்கும் இடையிலான கணக்கு கண்முன் இருந்தது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுக் காலம் ஏதோ ஒரு வடிவில் நீடித்த அந்தத் தொடர்பை வணிக இடங்களைப் பொறுத்தவரை அறுத்தது 1988-ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டம். 1990 ஏப்ரல் முதல் நாடு முழுமைக்குமான விகிதம் மத்திய அரசின் கைக்குப் போயிற்று. அதே மாதம் வயதுவந்தோர் ஒவ்வொருவர் மீதும் வந்த தலைவரி மக்களின் எதிர்ப்பில் கவிழ்ந்து, 1993-இல் கவுன்சில் டாக்ஸ் என்னும் வீட்டு வரிக்கு இடம் விட்டது. தலைவரியை எதிர்த்தவர்களைப் போலக் கடைக்காரர்கள் லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலகம் செய்யவில்லை. ஆகவே அவர்களுடைய வரி ஊருக்குத் திரும்பவில்லை.

ஓரளவு திருப்பித் தருவதாகச் சொல்லி வந்தது 2012-ஆம் ஆண்டுச் சட்டம். 2013 ஏப்ரல் முதல், தண்டிய வணிக வரியில் பாதி உள்ளாட்சியின் பங்கு என்றாயிற்று; லண்டனில் அண்மை ஆண்டுகளின் கணக்குப்படி மத்திய அரசுக்கு 33, பெருநகர லண்டன் ஆணையத்துக்கு 37, பரோ எனப்படும் வட்டார மன்றத்துக்கு 30 விழுக்காடு. ஆனால் அதற்கு மேலும் ஒரு சமன்செய்தல் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு தெருவையும் பெரும் விடுதிகளையும் கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர், நாட்டிலேயே மிகுதியாக வணிக வரி தண்டியும் அதில் பெரும்பகுதியை வெளியே அனுப்புகிறது. 2011-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் திறந்த வெஸ்ட்ஃபீல்டு வணிக வளாகம் தன் எல்லைக்குள் இருந்தும், தேவை மிகுந்த நியூஹாம் வெளியிலிருந்து நிரப்புத்தொகை பெறுகிறது. சமன்செய்வது நியாயமே. குறை என்னவென்றால், எந்த ஊருக்கு எவ்வளவு தேவை என்று 2013-இல் போட்ட அடிப்படைக் கணக்கு 2026 வரை அப்படியே விடப்பட்டது. கடைக்காரர் ஒருவர் மேல்முறையீட்டில் வென்றால், தான் கணிக்காத மதிப்புக்காகத் தன் பங்கிலிருந்து பணத்தைத் திருப்பித் தர வேண்டிய வினோதமும் மன்றத்துக்கு உண்டு.

வினோதம் அதோடு நிற்கவில்லை. காலியான கடைக்கும் அலுவலகத்துக்கும் முதல் மூன்று மாதம் மட்டுமே வரி விலக்கு என்பதால், ஆறு வாரம் சில அட்டைப்பெட்டிகளை அடுக்கி ‘குடியேறி’, பிறகு காலி செய்து, மறுபடி மூன்று மாத விலக்கைப் பெறுவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 2024 ஏப்ரலில் அந்த ஆறு வாரம் 13 வாரமாக நீட்டப்பட்டது. விவசாயத்துக்கு வரியில்லை என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, லண்டனின் அலுவலகக் கட்டடங்களில் நத்தை வளர்த்து விலக்குக் கேட்டவர்களும் உண்டு. நத்தைகளுக்கு நடுநகரில் இடம் கிடைத்திருக்கிறது என்பதோடு அதை விட்டுவிடலாம்.

மனிதர்களுக்கு இடம் கிடைப்பதில்தான் மன்றங்களின் நிதி முறிகிறது. 1977-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து, வீடிழந்து நிற்கும் குடும்பங்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகள் உள்ளவர்களுக்கு, தங்க இடம் தருவது உள்ளாட்சி மன்றத்தின் கடமை. நிலையான வீடு கிடைக்கும்வரை தற்காலிக இருப்பிடத்தை மன்றம் வாடகைக்கு எடுக்கிறது. குடியிருப்பவருக்கு வாடகை உதவித்தொகையாகிய ஹவுசிங் பெனிஃபிட்டை வழங்குகிறது. வழங்கியதை மத்திய அரசிடம் மானியமாகக் கேட்கிறது. மானியத்துக்கு உச்சவரம்பு உண்டு: தனிச் சமையலறையும் குளியலறையும் கொண்ட இருப்பிடம் என்றால், 2011 ஜனவரியில் அந்த வட்டாரத்துக்கு நிர்ணயித்திருந்த வாடகை உதவி வரம்பில் 90 விழுக்காடு, விடுதி அறை என்றால், குடும்பத்தில் எத்தனை பேர் இருந்தாலும், அதே 2011-இன் ஒரு படுக்கையறை வீட்டுத் தொகை. 2025-26 நிதியாண்டிலும் கணக்கு 2011-இலேயே நின்றது.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். 2011 ஜனவரி வரம்பு வாரத்துக்கு 200 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், திரும்பி வருவது 180. தனியார் உரிமையாளர்கள் இன்று இத்தகைய இடங்களை இரவுக் கணக்கில் விடுவது பெருகிவிட்டதால், ஓர் இரவுக்கு 60 பவுண்டு என்றாலே வாரத்துக்கு 420. மீதி 240 பவுண்டு மன்றத்தின் தலையில். ஆண்டுக்கு, ஒரு குடும்பத்துக்கு, 12,480 பவுண்டு. மேலே சொன்ன மளிகைக் கடை செலுத்தும் 14,970 பவுண்டில் நியூஹாமின் நேரடிப் பங்கு 30 விழுக்காடாகிய 4,491 பவுண்டு; ஆக, ஒரு குடும்பத்தின் வாடகைப் பள்ளத்தை அடைக்க அத்தகைய கடைகள் இரண்டின் பங்கும் போதாது. தற்காலிக இருப்பிடத்தில் வாழும் குடும்பங்களின் விகிதத்தில் இங்கிலாந்திலேயே முன்னணியில் இருப்பது நியூஹாம். நாட்டளவில் 2025 மார்ச் இறுதியில் அத்தகைய குடும்பங்கள் 1,31,000-ஐத் தாண்டின.

இந்தப் பெருக்கத்துக்கு மன்றங்களைக் குறைசொல்வது எளிது. காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கும் குறைந்த வருமானக்காரருக்கான உதவி வரம்பு 2011-இல் வட்டார வாடகைகளின் நடுப்புள்ளியிலிருந்து கீழிருந்து 30 விழுக்காட்டுப் புள்ளிக்கு இறக்கப்பட்டது. பின்னர் 2016 முதல் 2020 வரையும், 2020 முதல் 2024 வரையும் உறையவைக்கப்பட்டு, 2024 ஏப்ரலில் ஒருமுறை உயர்த்தப்பட்டு, அடுத்த ஆண்டே மீண்டும் உறைந்தது. உதவிக்கும் வாடகைக்கும் இடைவெளி விரியும்போது வாடகை பாக்கி விழுகிறது, வீட்டுக்காரர் வெளியேற்றுகிறார், குடும்பம் மன்றத்தின் வாசலுக்கு வருகிறது, மன்றம் பல மடங்கு விலையில் இரவுக்கு இரவு இடம் பிடிக்கிறது. மத்திய அரசின் ஏட்டில் சிக்கனம் என்று எழுதப்பட்ட தொகை, உள்ளாட்சியின் ஏட்டில் பெருத்த செலவாக எழுகிறது.

அதை ஈடுகட்ட மன்றத்தின் கையில் எஞ்சியிருப்பது கவுன்சில் டாக்ஸ் ஒன்றே. அதையும் சமூகப் பராமரிப்புப் பொறுப்புள்ள மன்றங்கள் ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் உள்ளூர் வாக்கெடுப்பில் வெல்ல வேண்டும், அல்லது மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். நியூஹாம் அத்தகைய அனுமதியோடு 2025-26-இல் 8.99 விழுக்காடு உயர்த்தியது. வரவும் செலவும் பொருந்தாதபோது தலைமை நிதி அதிகாரி வெளியிட வேண்டிய 114-ஆம் பிரிவு அறிவிப்பு, விகிதம் விதிக்கும் உரிமையை எடுத்துக்கொண்ட அதே 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளது என்பது கவனிக்கத்தக்கது. கவுன்சில் டாக்ஸுக்கான வீட்டு மதிப்புகளோ இங்கிலாந்தில் இன்னும் 1991 ஏப்ரல் 1-இன் விலைகள். 2013-இல் ஏழைகளுக்கான கவுன்சில் டாக்ஸ் உதவியும் நிதியில் 10 விழுக்காடு வெட்டப்பட்டு மன்றங்களின் பொறுப்பில் விடப்பட்டது. முதியோரின் சலுகையில் கைவைக்கக் கூடாது என்ற நிபந்தனையால் வெட்டு முழுவதும் உழைக்கும் வயதினர் மீது சாய, முன்பு ஒன்றும் செலுத்தத் தேவையில்லாதிருந்தவர்களிடமும் ஒரு பகுதியையாவது பெரும்பாலான மன்றங்கள் கேட்கத் தொடங்கின. வாடகை உதவி போதாமல் தவிக்கும் குடும்பத்துக்கும் அந்தச் சீட்டு ஏப்ரலில் வந்துவிடுகிறது.