சளிக்கு அவசரம், செப்சிஸுக்குத் தாமதம்

1941 பிப்ரவரி. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகர மருத்துவமனையில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர் சாகக் கிடந்தார். முகத்தில் பட்ட காயத்தில் புகுந்த பாக்டீரியா உடம்பெல்லாம் பரவி, ஒரு கண்ணையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. 12-ம் தேதி பென்சிலின் ஏற்றினார்கள். மறுநாளே காய்ச்சல் இறங்கியது. ஆனால் மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரிலிருந்தே பென்சிலினைப் பிரித்தெடுத்து மறுபடியும் ஏற்றினார்கள். சில நாட்களில் அதுவும் தீர்ந்தது. மார்ச் 15-ல் இறந்துபோனார்.

அப்படி அரிதாக இருந்த ஆண்டிபயாடிக்கைத்தான் இன்று பலர் சாதாரண சளிக்குக்கூட மருந்துக் கடையில் தாங்களாகவே கேட்டு வாங்கி விழுங்குகிறார்கள். சளி வைரஸால் வருவது. ஆண்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. கண்டபடி சாப்பிட்டால், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள்தான் பெருகும். பிறகு உண்மையிலேயே தேவைப்படும்போது மருந்து கையில் இருந்தும் பலன் இருக்காது.

அந்தத் தேவை எப்போது வரும்? நோய்த்தொற்று உள்ளவருக்கு மூச்சு வேகமாகி, புத்தி தடுமாறி, ரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீர் குறைந்தால் செப்சிஸ் என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது 'காலையில் பார்க்கலாம்' என்று இருக்கவே கூடாது. ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாடிக் ஏற வேண்டும் என்கிறது மருத்துவம்.

சளிக்குக் காட்டும் அவசரத்தைச் செப்சிஸுக்குக் காட்டினாலே எத்தனையோ உயிர்கள் பிழைக்கும்!