செய்த வேலையைச் சொல்லும் முறை



பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் மரச்சிற்பங்களுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மரச்சிற்பியின் பட்டறைக்குள் நுழைவோர் முடிந்த சிற்பத்தை மட்டும் காண்பதில்லை. கோடு கிழித்த கட்டையையும், பாதி செதுக்கிய உருவையும், காலடியில் சிதறிக் கிடக்கும் மரச்சீவல்களையும் காண்கின்றனர். இஃது இவர் கையால் ஆன வேலை என்னும் நம்பிக்கை அதனாலேயே பிறக்கிறது.

இன்று பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிக் குடும்பங்களில் இணையதளங்களை வடிவமைக்கும் தொழிலைப் பயின்ற பிள்ளைகளும் உள்ளனர். அவர்களுக்கு வேலை தரக்கூடியவர் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கலாம்; அவர் நேரில் வந்து பார்க்கப் போவதில்லை. ஆகவே 2005இல் தோன்றிய பிஹான்ஸ், 2009இல் தோன்றிய டிரிபிள் போன்ற இணையக் கூடங்களில் தம் பணிகளைக் காட்சிக்கு வைப்பதே அவர்களுக்குப் பட்டறை வாசல்.

இவ்வாசலில் இருவகைப் பிழை நேர்கிறது. கூச்சத்தால் ஒன்றையும் வெளியிடாதிருப்பது ஒன்று. அது தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனின் செயலை ஒத்தது. முப்பது நாற்பது பளபளக்கும் படங்களை அடுக்கிவிட்டு, விளக்கம் ஒன்றும் தராதிருப்பது மற்றொன்று. படம் அழகைக் காட்டும், அறிவைக் காட்டாது. நல்ல பணிகள் நான்கைந்து போதும். ஒவ்வொன்றுக்கும் அதன் கதையைச் சொல்ல வேண்டும்.

கதை எது? நம் மறைமாவட்டத்தின் ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னைக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவரை நினைத்துப் பாருங்கள். எகர ஒகரங்களில் குறிலையும் நெடிலையும் அந்நாளில் ஒரு புள்ளியே பிரித்தது. ஓலையில் புள்ளி விடுபடவே படிப்போர் மயங்கினர். நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அவர் அம்மயக்கத்தைத் தீர்த்தார். செய்யுளாய் இருந்த நிகண்டுகளை மனப்பாடம் செய்தாலன்றிச் சொற்பொருள் காண்பது அரிதாயிருந்தது. 1732இல் சதுரகராதியை அகர வரிசையில் அமைத்து அவ்விடரையும் நீக்கினார். யாருக்கு இடர், எதனால் இடர், அதனைத் தீர்த்தது எப்படி? இம்மூன்று வினாக்களுக்கும் விடை சொல்வதே வடிவமைப்பின் கதை.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். திருத்தலமொன்றுக்கு இணையதளம் அமைப்பதாகக் கொள்வோம். திருப்பயணி பேருந்தில் அமர்ந்து, பழைய செல்பேசியில் திருப்பலி நேரத்தைத் தேடுகிறார். முகப்பிலுள்ள பெரிய படங்கள் வந்து சேரவே வெகுநேரம் ஆகிறது. படங்களின் அளவைக் குறைத்து, திருப்பலி நேரத்தை முதலிலேயே வைத்து, எழுத்தைப் பெரிதாக்கினால் இடர் தீரும். முன்னிருந்த பக்கத்தையும் பின்னர் அமைத்த பக்கத்தையும் அருகருகே வைத்து, இம்மாற்றத்தின் காரணத்தை நான்கு வரிகளில் எழுதுங்கள். தாளில் வரைந்த முதற்கோட்டுப் படத்தையும் சேருங்கள். தளம் செல்பேசியில் தடையின்றித் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி, யாவற்றிலும் முக்கியமானதைச் சொல்வோம். நால்வர் கூடிச் செய்த பணியை ஒருவர் தமதெனக் காட்டுவது பொய். எழுத்தமைப்பு மட்டும் தமதாயின், அதையே சொல்லிப் பிறருடைய பங்கையும் குறிப்பிடுவதே முறை. பயிற்சிக்காகச் செய்ததைப் பயிற்சி என்றே எழுதுக. வேலை கொடுத்தவரின் இசைவின்றி அவருடைய செய்திகளை வெளியிடுதல் ஆகாது. வேலை கேட்டுச் செல்லுமிடத்தில், 'இதை ஏன் இப்படி அமைத்தீர்?' என்று ஒருவர் வினவுவார். இரவல் வேலைக்கு அங்கே விடை இராது. இழந்த நம்பிக்கையும் எளிதில் திரும்பாது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை கணினி முன் அமர்ந்திருப்பதைக் கண்டு சினவாதீர்கள். அருகில் அமர்ந்து, "இது யாருக்காகச் செய்தாய்?" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி அவன் விளக்கிவிட்டால், தொலைவில் இருக்கும் அந்நியருக்கும் அது புரியும். அவன் சொன்ன அந்தச் சொற்களையே அன்றிரவு எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவனுடைய காட்சிக்கூடத்திற்கு அதுவே முதற் பக்கமாகும்.