மூன்று மாத நீதியும் மூன்று சக்கர வாழ்வும்

பதுளை நகரில் முச்சக்கர வண்டியொன்றைத் தவணைக்கு எடுக்கும் தோட்டத்து இளைஞனின் கையில் இரண்டு காகிதங்கள் கொடுக்கப்படுகின்றன. ஒன்று லீசிங் ஒப்பந்தம். மற்றையது உத்தரவாத அட்டை. முதலாவது காகிதத்தின் ஒவ்வொரு வரியும் கடைசித் தவணை வரை உயிரோடிருக்கும். ஒரு தவணை பிந்தினால் தொலைபேசி அழைக்கும். இரண்டு பிந்தினால் ஆள் வரும். அதற்கு மேல் வண்டியே போய்விடும். இரண்டாவது காகிதமோ முதற் பழுதோடு செத்துவிடுகிறது.

முச்சக்கர வண்டியை ஒரு தொல்லையாக மட்டும் பார்க்கும் கொழும்பு வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகலை, ஹல்துமுல்லை தோட்டங்களில் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து லயன் வரை பல மைல் தூரம் ஏற்றமும் குழியுமாகக் கிடக்கிறது. பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதும், அரிசி மூட்டையை ஏற்றி வருவதும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்வதும் ஆட்டோதான். நாட்டில் பதிவான 11 இலட்சத்துக்கும் அதிகமான முச்சக்கர வண்டிகளில் தோட்டப்புற வண்டி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தாயின் ஊழியர் சேமலாப நிதியோ, அடகு வைத்த நகையோ இருக்கும். மலையில் பேர் போட விரும்பாத தலைமுறை தானாகத் தேடிக்கொண்ட தொழில் இது.

இந்த உரிமையாளர்களிடம் நான் கேட்கும் முறைப்பாடுகள் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகவே இருக்கின்றன. கிளச் பிளேட் முன்னைப்போல் தாங்குவதில்லை. ஷொக் அப்சோர்பரில் எண்ணெய் கசிகிறது. தகடு மெலிந்துவிட்டது, இரண்டு மழைக்காலத்தில் துரு ஏறிவிடுகிறது. பழைய வண்டிகளையும் புதியவற்றையும் கழற்றிப் பூட்டுகிற கராஜ்காரர்களும் இதையே சொல்கிறார்கள். எந்த நிறுவனம் என்று நான் எழுதப்போவதில்லை. பெயரை மாற்றி எழுதினாலும் கதை மாறாது என்பதே இங்குள்ள நோய்.

உத்தரவாத காலத்தில் வண்டியைக் கொண்டுபோனால் கிடைக்கும் பதில்களும் மனப்பாடமானவை. "பார்ட்ஸ் வரவில்லை." "இது தேய்மானம், உத்தரவாதத்தில் அடங்காது." "ஒரு சேர்விஸை வெளியில் செய்திருக்கிறீர்கள்." "அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருக்கிறீர்கள்." "தோட்டப் பாதையில் ஓட்டினால் இப்படித்தான்." பாரம் ஏற்றுவோர் இல்லையென்று நான் வாதாடவில்லை. ஆனால் கடைசிப் பதிலை மட்டும் ஏற்க முடியாது. ஊவாவில் வண்டி விற்பவருக்கு ஊவாவின் பாதை எப்படியென்று தெரியாதா? மலையை விலக்கிவைக்கும் உத்தரவாதம் மலையக மக்களுக்கு எதற்கு? 2021 மார்ச்சில் பசறை-லுணுகலை வீதியின் 13ஆம் கட்டையில் பேருந்து பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த விபத்தை வண்டியின் பழுதுக்கு உதாரணமாகக் காட்டவில்லை. அந்தப் பாதையில் ஒரு பிரேக்கின் பெறுமதி என்னவென்பதை நினைவூட்டுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு நல்ல பிரிவு. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு அமையாத பொருளைப் பற்றி அதிகார சபை விசாரிக்கலாம். நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடலாம். ஆனால் அதே பிரிவில் ஒரு பொறியும் இருக்கிறது. முறைப்பாடு, பொருள் விற்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் செய்யப்பட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். நிறுவனம் கொடுக்கும் உத்தரவாதம் ஓராண்டு, சிலவேளை இரண்டாண்டு. அந்த உத்தரவாதத்தை மீறினால் அரசாங்கத்திடம் முறையிடும் உரிமையோ விற்ற நாளிலிருந்து மூன்று மாதம். நான்காம் மாதத்தில் இயந்திரம் நின்றுபோனால், அட்டை செல்லுபடியாகும். அட்டையைக் காப்பாற்றும் பிரிவு செல்லுபடியாகாது. "அடுத்த வாரம் வாருங்கள்" என்று மூன்று மாதத்தைக் கடத்திவிட்டால் முகவருக்குக் கவலையில்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டு நீதிமன்றம் போகலாமே என்பார்கள். 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தை எட்டிய ஒரு குடும்பம், தவணைக்கு மேல் தவணையாக வழக்காட முடியுமா?

2021இல் இதே சட்டம் திருத்தப்பட்டு, விலைக் கட்டுப்பாட்டை மீறுவோருக்கான அபராதங்கள் பன்மடங்கு உயர்த்தப்பட்டன. அரிசி விலைக்காகத் திறந்த சட்டப் புத்தகத்தை இந்த மூன்று மாதத்துக்காகவும் திறந்திருக்கலாம். மலையக மக்களின் வாக்கில் பாராளுமன்றம் சென்ற எவரும் இதற்காகப் போராடியதை நான் காணவில்லை. அயலிலுள்ள இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் கொடுக்கிறது. முறைப்பாட்டாளர் தாம் வசிக்கும் இடத்திலேயே முறையிடவும் இடமளிக்கிறது. அங்குள்ள பாவனையாளன் சுகமாக வாழ்கிறான் என்று சொல்லவரவில்லை. சட்டத்தின் கடிகாரத்தையாவது அவனுக்குச் சரியாக வைத்திருக்கிறார்கள்.

மொழியின் கதை தனி. பசறை, ஹாலிஎல, ஹப்புத்தளை முதலான பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே சிங்களமும் தமிழும் நிர்வாக மொழிகளான பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. அரசாங்கக் கந்தோரிடம் கேட்கும் உரிமையாவது நமக்குண்டு. உத்தரவாத அட்டையின் பின்புறத்திலுள்ள பொடி எழுத்து ஆங்கிலத்தையும், அவன் கையொப்பமிடும் ஒப்பந்தத்தையும் தமிழில் கொடு என்று கேட்க எவருமில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபா சரிந்தபோது உதிரிப்பாக விலை எகிறியது. அந்நாட்களில் "நாட்டு நிலைமை" என்ற பதிலைப் பொறுத்துக்கொண்டோம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கே கதவு திறந்தாயிற்று. இனி அந்தப் பதில் செல்லாது.

கேட்கவேண்டியவை நான்கே. முறைப்பாட்டுக் காலம் பழுது தெரிந்த நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். உத்தரவாதம் உள்ளவரை அந்த உரிமையும் இருக்கவேண்டும். அட்டையும் ஒப்பந்தமும் தமிழிலும் இருக்கவேண்டும். உத்தரவாதப் பழுதுக்காக வண்டி நிறுவனத்தின் கராஜில் கிடக்கும் நாட்களுக்குத் தவணையும் தண்டப் பணமும் நிற்கவேண்டும். தவணை முடியும்வரை சட்டப்படி அந்த வண்டியின் சொந்தக்காரர் லீசிங் கம்பனிதானே, நட்டத்தில் அவருக்கும் பங்கிருக்கட்டும். அதிகார சபையின் விசாரணை பசறைக்கும் ஹப்புத்தளைக்கும் நடமாடும் சேவையாக வரவேண்டும்.

அதுவரை வண்டி எடுக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. வாயால் முறையிடாதீர்கள். முதற் பழுதன்றே எழுதிக் கொடுங்கள், பிரதியில் கையொப்பம் வாங்குங்கள், பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். மூன்று மாதம் முடியுமுன் அதிகார சபைக்குத் தபாலில் அனுப்புங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். ஒருவன் எழுதினால் கோப்பில் கிடக்கும். ஒரு ஸ்டாண்டில் நிற்கும் அத்தனை பேரும் எழுதினால் அதை மறைத்துவைக்க எந்த அலுமாரியும் போதாது.