முன்னால் நிற்கும் ‘இல்லை’

போன மாதம் என் பேரனின் பள்ளி ஆண்டு விழா. ஏழாம் வகுப்புப் படிக்கிறான். மேடையில் ஏறி ‘ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டி ஒரே மூச்சில் ஒப்பித்தான். 28 எழுத்து. அரங்கமே கை தட்டியது. என் மருமகள் அதைக் கைப்பேசியில் பிடித்து மலேசியாவில் இருக்கிற உறவுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: “அதுக்கு என்னடா அர்த்தம்?”

“அது மிஸ் சொல்லலை தாத்தா. ஸ்பெல்லிங்தான் போட்டி.”

எனக்குக் கோபம் வந்தது. பையன் மேல் அல்ல. அறுபது வருஷத்துக்கு முன்னால் இதே சொல்லை இதே மாதிரி ஒப்பித்து நானும் ஒரு பேனா பரிசு வாங்கினவன். எனக்கும் அர்த்தம் யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் ஒன்றும் மாறவில்லையே என்ற கோபம்.

அர்த்தம் ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. அரசாங்கம் ஒரு மத நிறுவனத்தைத் தன் பொறுப்பில் வைத்து நடத்துவது ‘எஸ்டாப்ளிஷ்’. முன்னால் ‘டிஸ்’ சேர்ந்தால் அந்தப் பொறுப்பை விலக்கிக்கொள்வது. அதற்கும் முன்னால் ‘ஆன்டி’ நின்றால், விலக்கக்கூடாது என்று எதிர்ப்பது. அயர்லாந்து திருச்சபையை அரசிடமிருந்து பிரிக்க 1869-ல் சட்டம் போட்டு, 1871 ஜனவரி முதல் தேதி அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மாதிரிச் சண்டைகளில் பிறந்த சொல் இது.

நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை ராஜதானியில் 1817-ஆம் வருஷத்து 7-வது ரெகுலேஷன்படி கோயில், பள்ளிவாசல், சத்திரம் இவற்றின் மானியங்களைக் கம்பெனி அரசாங்கமே மேற்பார்வை பார்த்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விலக்கி, 1863-ஆம் வருஷத்து 20-வது சட்டத்தோடு அநேகமாக முழுசாக விலகிக்கொண்டது. “விலகாதே” என்று அன்றைக்கு ஒரு தஞ்சாவூர்க்காரர் மனுப் போட்டிருந்தால், அவர் நிலைப்பாட்டுக்கு ஏறக்குறைய இந்த 28 எழுத்துத்தான் பெயர். இப்படிச் சொல்லிக் கொடுத்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாதா? சரித்திர வாத்தியாருக்கும் ஒரு வேலை மிச்சம்.

“மனப்பாடப் பயிற்சிக்குத்தான் சார், ஞாபகசக்தி வளரும்” என்று ஒரு ஆசிரியை எனக்குச் சமாதானம் சொன்னார். ஞாபகசக்திதான் வேண்டுமென்றால் பதினாறாம் வாய்ப்பாடு இருக்கிறது. அது கடைக்குப் போனாலும் உதவும்.

என் வாதம் வேறு. தமிழில் ‘இல்லை’ என்பது வாலில் வரும். திருக்குறள் அதிகாரப் பெயர்களைப் பாருங்கள்: கல்லாமை, கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை, பயனில சொல்லாமை. சொல் முடிகிற வரைக்கும் காத்திருந்தால்தான் உண்டா இல்லையா என்று தெரியும். அநீதி, அசுத்தம் என்று வடமொழி வழியே வந்தவை தலையில் மறுக்கும். ஆனால் அவற்றை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை, முழுச் சொல்லாகவே பழகிவிட்டோம். ஆகவே நம் கண் வாலைத்தான் தேடும். ஆங்கிலத்துச் சொல்லோ தலையிலேயே மறுத்துவிடுகிறது. அன், இன், டிஸ், நான். அந்த ‘இன்’ இருக்கிறதே, அது நம் புணர்ச்சி விதி மாதிரி அடுத்த எழுத்துக்குத் தக்கபடி வேஷம் மாறும்: பாஸிபிள் முன்னால் ‘இம்’, லீகல் முன்னால் ‘இல்’, ரெகுலர் முன்னால் ‘இர்’. அவசரத்தில் படிக்கிற தமிழன் கண்ணுக்கு இந்த ஒரு அசை தப்பிவிடும்.

தப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எண்பதுகளில் நான் தபால் இலாகாவில் இருந்தபோது, பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் ஒரு டைப் அடித்த பத்திரத்தோடு வந்தார். வீட்டுக்காரர் மலேயாவில். அக்கா பேரில் மூன்று மா நிலம். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

“நீ படிச்சுச் சரின்னு சொன்னா நான் கையெழுத்துப் போடுறேன் தம்பி” என்றார்.

கார்பன் நகல். எழுத்து மங்கல். கவுண்டரில் மணியார்டர் கூட்டம். ‘ரெவோகபிள்’ என்று என் கண்ணில் பட்டது. “வேண்டாம்னா எப்ப வேணும்னாலும் ரத்து பண்ணிக்கலாம் அக்கா” என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் ‘இர்’ இருந்தது. ரத்து செய்ய முடியாத பவர்.

இரண்டு வருஷம் கழித்து ரத்து செய்யப் போனபோதுதான் தெரிந்தது. வக்கீல் பொறுமையாக விளக்கினார். அந்த ஒரு சொல்லை எழுதியதால் மட்டும் பவர் ரத்தாகாமல் போய்விடாதாம். பவர் வாங்கினவருக்கு அந்தச் சொத்திலேயே பாத்தியதை இருந்தால்தான் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 202-வது பிரிவு அவரைக் காப்பாற்றும். இரண்டாம் பக்கத்தில் அதுவும் இருந்தது: நிலத்தின் பேரில் அவர் பணம் கொடுத்திருப்பதாகவும், அந்த ஈட்டுக்காகவே பவர் என்றும். அந்தப் பக்கத்தை நான் திருப்பவே இல்லை. கடைசியில் மூன்றில் இரண்டு மா போயிற்று. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோன்புக் கஞ்சி எப்போதும் போல வந்துகொண்டுதான் இருந்தது. அதைக் குடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

28 எழுத்தை ஒப்பித்துப் பேனா வாங்கினவனுக்கு இரண்டு எழுத்து கண்ணில் படவில்லை.

நம் ஊரைச் சின்ன சிங்கப்பூர் என்று பெருமையாகச் சொல்கிறோம். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் போன தலைமுறையிலிருந்து இன்று திருச்சியில் விமானம் ஏறுகிற பிள்ளைகள் வரைக்கும் நம்மவர் வாழ்க்கையே இந்த முன்னொட்டுகளுக்குள்தான் கிடக்கிறது. டிஸ்எம்பார்கேஷன் கார்டு. டிக்கெட்டில் நான்-ரீஃபண்டபிள். வங்கிக்குப் போனால் நான்-ரெசிடெண்ட். சிங்கப்பூரிலிருந்து ஊரோடு வந்துவிட்ட ஒரு பெரியவருக்கு வங்கிப் படிவம் நிரப்ப உதவினேன். “நீங்க நான்-ரெசிடெண்டா அத்தா?” என்று அந்த இளம் அலுவலர் கேட்க, பெரியவர், “நான் ரெசிடெண்டுதான் தம்பி, இங்கேதானே பொறந்தேன்” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் வெளிநாட்டில் வசிக்கிறவரை என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. நிரந்தரமாகத் திரும்பிவிட்டால் வங்கிக்குச் சொல்லி அந்தக் கணக்கை மாற்ற வேண்டும். அந்த ‘நான்’ யார் என்று தெரியாவிட்டால் பிறகு வருகிற நோட்டீஸ் சிரிப்பாக இருக்காது.

இன்னொரு பொறி. எல்லா ‘இன்’னும் மறுக்காது. லெட்சுமாங்குடி வழியாகப் போகிற டேங்கர் லாரிகளின் பின்னால் சிவப்பில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும். தீப்பிடிக்காது என்று படித்துவிட்டுப் பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்தால் அவ்வளவுதான். அங்கே ‘இன்’ மறுப்பல்ல. எளிதில் தீப்பிடிக்கும் என்றே பொருள். இதையெல்லாம் எந்த ஆண்டு விழாவில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

நீளமான சொல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்மிடம் ‘இன்றியமையாமை’ இருக்கிறது. இன்றி ஒரு மறுப்பு, அமையா இன்னொரு மறுப்பு. இரண்டும் சேர்ந்து ‘கட்டாயம் வேண்டும்’ என்று ஆகிறது. நூலகத்தின் இன்றியமையாமை என்று கட்டுரை எழுதாத பிள்ளை உண்டா? அதைப் பிரித்துக் காட்டிவிட்டு, அதே கையோடு ஆன்டியையும் டிஸ்ஸையும் பிரித்துக் காட்டுங்கள். அரை மணி நேரம் போதும். முடிந்தால் ஒரு பவர் பத்திரத்தின் நகலையும் வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.

பள்ளிக்கு இப்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. சரி, நம் வீட்டிலிருந்தே ஆரம்பிப்போம் என்று போன ஞாயிற்றுக்கிழமை பேரனை உட்கார வைத்து, அடுத்த ஆண்டு விழாவுக்கு இதைப் படி என்று ‘இர்ரெவோகபிள்’ என்ற சொல்லை எழுதிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தான்.

“பதினொரு எழுத்துத்தானா தாத்தா?” என்றான், முகம் தொங்கிப் போய்.