யாருடைய பாத்தி?

கோடை விடுமுறை வந்தால் நம் நண்பர்கள் வீடுகளில் எல்லாம் ஒரே புகார்தான்: "இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" பள்ளிக்கூடம் பத்து மாதம் சுமந்த பாரத்தை இரண்டு மாதம் சுமக்க முடியாமல் வீடு தவிக்கிறது. கைப்பேசியைப் பிடுங்கினால் அழுகை. பிடுங்காவிட்டால் கண்ணுக்குக் கெடுதல். இதற்குப் பரிகாரமாகக் கொல்லையிலோ மாடியிலோ நாலு காய்கறிச் செடி போடும்படி நாமும் இந்தப் பகுதியில் பல முறை யோசனை சொல்லியிருக்கிறோம். அந்த யோசனையைக் கேட்டவர்களில் சிலர் மறு மாதமே நம்மைத் தேடி வந்து, "தோட்டமும் போயிற்று, குழந்தைக்குத் தோட்டத்தின்மேல் இருந்த ஆசையும் போயிற்று" என்று முறையிட்டதையும் மறைப்பதற்கில்லை.

பிழை விதையிலா, வெயிலிலா, நம் யோசனையிலா என்று வெகு நாள் சிந்தித்தோம். விடை கிடைத்தது, புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலைப் பக்கத்து ஆவூரில்.

பழைமையான பெரியநாயகி மாதா கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே நம் நண்பர் ஒருவர் வீட்டுக்குச் சென்ற சித்திரைக் கடைசியில் போயிருந்தோம். அக்கினி நட்சத்திர வெயில். சரளை கலந்த செம்மண் பூமி, அடுப்பில் காய்ந்த சட்டியைப்போல் தகித்துக்கொண்டிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைக் கண்மாயிலும் கிணற்றிலும் தேக்கி வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் ஜீவிக்க வேண்டிய சீமை அது. அங்கே ஒரு குடம் தண்ணீரைக் கீழே கொட்டுகிறவன் கையைப் பார்த்து ஊரே முகம் சுளிக்கும்.

நண்பருக்கு ஒன்பது வயதில் ஒரு மகள், ஏழு வயதில் ஒரு மகன். முந்தின வருஷக் கோடையில் அவர் ஒரு பெரிய தோட்டம் போட்டாராம். கயிறு பிடித்து அளந்து பத்துப் பாத்தி. பாத்திக்கு ஒரு பெயர்ப் பலகை. குழந்தைகளுக்குச் சுவரில் ஓர் அட்டவணை: திங்களன்று தண்ணீர், செவ்வாயன்று களை, புதனன்று எரு. முதல் வாரம் உற்சாகம் கரை புரண்டது. இரண்டாம் வாரம் தண்ணீர் இறைக்கும் வேளைக்குச் சரியாகப் பையனுக்கு வயிற்று வலி வந்தது. மூன்றாம் வாரம் பெண்ணுக்கும் தொற்றிக்கொண்டது. நாலாம் வாரம் செடிகள் தாமே விடுதலை பெற்றுவிட்டன.

"இந்த வருஷம் அந்தப் பொறுப்பை எங்கள் ஐயாவிடம் விட்டுவிட்டேன்" என்றார் நண்பர். ஐயா என்பது அவருடைய தகப்பனார், எழுபத்தைந்து பிராயம், பேச்சு வெகு குறைவு.

ஐயா செய்தது இவ்வளவுதான். மாசி மாதத்தில் கிணற்றடி ஓரமாக, மேற்கு வெயிலை வேம்பு மறைக்கும் இடத்தில், நாலடி நீளமும் மூன்றடி அகலமுமாக ஒரு பாத்தியைக் கொத்தி, மட்கிய சாணியெரு இரண்டு கூடை போட்டார். நடுவே ஒரு மண் கலயத்தைக் கழுத்துவரை புதைத்தார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, உள்ளங்கை நிறைய வெண்டை விதையைக் கொடுத்து, "ஆத்தா, இது உன் பாத்தி. நீ கேட்டாச் சொல்லுவேன், கேக்காட்டிச் சொல்ல மாட்டேன்" என்றாராம்.

அந்தச் சிறுமி விதை முழுவதையும் ஒரே நாளில் தூவிவிட்டாள். நாலடிப் பாத்தியில் வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓரடி விட்டால் எட்டுச் செடிதான் நிற்கும். அவள் போட்டதோ எண்பது இருக்கும். தகப்பனார் பதறி வாயெடுத்தபோது ஐயா கண்ணாலேயே அடக்கிவிட்டாராம். ஒரு வாரத்தில் நாற்றங்கால்போல் முளைத்து, மற்றொரு வாரத்தில் ஒன்றையொன்று நெருக்கி வெளிறிப்போயின. அப்போதுதான் அவள் போய்க் கேட்டாள்: "ஐயா, ஏன் இப்படி இருக்கு?" பதில் சுருக்கமாக வந்தது: "எட்டுப் பேர் சாப்பாட்டை எண்பது பேர் தின்னா எப்படி இருக்கும்?" அவளே உட்கார்ந்து எழுபதுக்கு மேற்பட்ட செடிகளைக் கிள்ளி எறிந்தாள். ஒவ்வொன்றையும் கிள்ளும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டாளாம்.

அடுத்தபடி வந்தவை மயில்கள். விராலிமலைப் பிராந்தியத்தில் மயிலுக்குக் குறைவில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள். முருகப்பெருமானின் வாகனம், 1963 முதல் தேசத்தின் பறவை, 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி அதன்மேல் கைவைக்கலாகாது. இத்தனை கௌரவங்களும் உள்ள பட்சி ஒரு நாள் விடியற்காலையில் வந்து எட்டுச் செடியையும் குருத்தோடு தின்றுவிட்டுப் போயிற்று. சிறுமி தேம்பித் தேம்பி அழுதாள். ஐயா அவளைத் தேற்றவும் இல்லை. மயிலைத் திட்டவும் இல்லை. "இன்னும் விதை இருக்கா?" என்று மட்டும் கேட்டாராம். விதை இல்லை. மறுநாள் அவள் தன் உண்டியல் காசில் விதை வாங்கி வரச் செய்தாள். இந்தத் தடவை எட்டுக் குழி. குழிக்கு இரண்டே விதை. தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் முள் வெட்டி வரச் சொல்லி வேலி கட்டினாள். அம்மாவின் பழைய புடைவையை மேலே பந்தலாக இழுத்துக் கட்டினாள். இதெல்லாம் எந்த அட்டவணையிலும் இல்லாத வேலைகள்!

நாம் போயிருந்த அன்று அந்தப் பாத்தியில் மொத்தம் ஐந்து காய் பறித்தார்கள். அவற்றைச் சாம்பாரில் போட அம்மா கை நீட்டியதும் சிறுமி ஒப்பவில்லை. "அது என் காய்; தனியா வதக்கணும்" என்றாள். அப்படியே வதக்கி, எல்லாருக்கும் இரண்டிரண்டு துண்டு வந்தது. வெண்டைக்காய்த் துண்டுகளைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைப்பதில் அதுவரை பெயர் வாங்கியிருந்த அந்தப் பெண், தம்பியின் பங்கிலும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

நம் பிழை நமக்கு அந்த இலையில் விளங்கிற்று. நாம் இத்தனை நாளும் குழந்தைக்கு வேலையைக் கொடுக்கச் சொன்னோம். பாத்தியைக் கொடுக்கச் சொல்லவில்லை. பெரியவர்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் சுமக்கிற குழந்தை கூலியில்லாத கூலியாள். தன் பாத்தியில் விதைக்கவும், தவறவும், அழவும், மறுபடி விதைக்கவும், விளைந்ததை இன்ன விதமாகச் சமைக்க வேண்டும் என்று சொல்லவும் உரிமையுள்ள குழந்தையே தோட்டக்காரன்.

இது புதிய தத்துவம் அன்று. 1840-இல் தம் பாலர் பள்ளிக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று ஜெர்மன் மொழியில் பெயர் சூட்டிய பிரோபெல் என்னும் கல்வியாளர், அங்கே பொதுப் பாத்திகளோடு ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சொந்தப் பாத்தியும் வைத்தார். சொந்தப் பாத்தியில் குழந்தை தன் இஷ்டப்படி நடலாம். பலனையும் தானே காணலாம். இதற்கு எதிரான வழியையும் உலகம் பார்த்திருக்கிறது. முதல் மகாயுத்த காலத்தில் அமெரிக்க அரசாங்கம் 'பள்ளித் தோட்டப் படை' என்று ஒன்றைத் திரட்டிற்று. லட்சக்கணக்கான சிறுவர் சிறுமியர் படைவீரர்களாகப் பெயர் பதிந்து காய்கறி பயிரிட்டார்கள். யுத்தம் முடிந்து சில வருஷங்களுக்குள் படையும் கலைந்துபோயிற்று. உத்தரவால் முளைத்த தோட்டம் உத்தரவோடு வாடிவிடும் போலும். நம் நாட்டிலோ, 1965-இல் உணவு நெருக்கடி வந்தபோது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஜனங்களுக்கு உபதேசம் செய்ததோடு நிற்காமல், தம் இல்லத்துப் புல்தரையையே உழுது பயிரிட்டார். குழந்தைகளுக்கும் அவ்வித உபதேசமே பிடிக்கும்.

இனி, காரியத்துக்கு வருவோம்.

கோடைக் காய்க்குத் தையும் மாசியும் விதைப்புக் காலம். அப்போது விதைத்தால் செடி வேரூன்றிய பிறகு வெயில் வரும். விடுமுறையில் காய் பறிக்கலாம். வெண்டை சுமார் நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கும். மாசியைத் தவறவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். சித்திரையிலும் சிறுகீரை, தண்டுக்கீரை, கொத்தவரை, தட்டைப்பயறு ஆகியவற்றைப் போடலாம். கொத்தவரை ராஜஸ்தானத்து மணற்காட்டிலும் விளைகிற உழைப்பாளி. பொறுமை குறைந்த குழந்தைக்கு முதலில் கீரையே உத்தமம். இருபத்தைந்து நாளில் பறித்துவிடலாம். கீரை விதையை எறும்பு இழுத்துப் போகும். மணலோடு கொஞ்சம் நொய்யையும் கலந்து தூவினால் எறும்புக்கும் பங்கு கிடைக்கும், நமக்கும் மிஞ்சும். நாற்றுவிட்டு நட வேண்டிய கத்தரியையும் மிளகாயையும் இரண்டாம் வருஷத்துக்கு ஒத்திப் போடுங்கள். பாகல், புடல் விதைகளின் தோல் கெட்டி. ஓர் இரவு ஊறவைத்து ஊன்ற வேண்டும்.

தண்ணீர்ச் செலவுக்கு ஐயாவின் கலயமே மந்திரம். மெருகு பூசாத மண் கலயத்தைப் புதைத்து நீர் நிரப்பினால், அது மெல்லக் கசிந்து வேருக்கு மட்டும் போய்ச் சேரும், வெயில் குடிக்காது. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம் நிரப்பினால் போதும். சீன தேசத்தில் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முந்திய விவசாய நூல் ஒன்றிலேயே இந்த முறை சொல்லப்பட்டிருக்கிறது. கலயத்தின் வாயைச் சில்லால் மூடுவது அவசியம். இல்லாவிட்டால் கொசு வளர்த்தவர்கள் ஆவோம். விதை முளைத்து வேர் இறங்கும்வரை மேலேயும் காலை மாலை பூவாளியால் தெளிக்க வேண்டும். அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர் எல்லாம் பாத்திக்கே போகட்டும்.

அடுத்தது மூடாக்கு. வைக்கோல், சருகு, களையெடுத்த புல் எதுவானாலும் மண்ணை மூடிவைத்தால் ஈரம் நிற்கும், மண்புழு வரும். 1969-இல் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை உத்தியோகத்தை உதறிவிட்டு, 2013-இல் காலமாகும்வரை ஊர் ஊராக நடந்து இதைப் போதித்தவர் நம்மாழ்வார். அவர் முயற்சியில் உருவான கொழுஞ்சிப் பண்ணை இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூர்ப் பக்கத்து ஓடுகம்பட்டியில் இருக்கிறது. பண்ணைக்குப் பெயர் கொடுத்த கொழுஞ்சி, வறண்ட நிலத்தில் தானாக முளைத்து மண்ணுக்கே உரமாகும் செடி. அந்தப் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

மாடியில் பயிரிடும் பட்டணவாசிகள் செம்மண், மட்கிய எரு, தென்னைநார்க் கழிவு மூன்றையும் சம பங்கு கலந்து பைகளில் நிரப்பலாம். மத்தியான வெயிலுக்குப் பழைய வேட்டியால் நிழல் கட்டுங்கள். அசுவினி கண்டால் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு தண்ணீரில் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெண்டை இலையில் மஞ்சள் நரம்பு ஓடினால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய். அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிட வேண்டும்.

குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டுவதற்கும் தோட்டத்தில் பஞ்சமில்லை. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நேரம் உண்டு. பூசணி விடியற்காலையில் மலரும். வெண்டை காலையில் விரிந்து மாலையில் வாடும். பீர்க்கு மாலையில் விரியும். புடலையோ இருட்டிய பிறகுதான் தன் வெள்ளை நூல்களைப் பிரிக்கும். கொடிக் காய்களில் ஆண் பூ, பெண் பூ என்று இரண்டு. பெண் பூவின் பின்னால் குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருக்கும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே. அவை உதிர்வதைக் கண்டு பயப்பட வேண்டாம். தேனீ வராத மாடியில், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வைத்தால் காய் பிடிக்கும். புடலம்பிஞ்சின் நுனியில் சிறு கல் கட்டித் தொங்கவிட்டால் காய் நேராக நீளும். அந்தக் கல்லைத் தேடிப் பொறுக்குவதற்கென்றே குழந்தைகள் காலையில் சீக்கிரம் எழுந்திருப்பார்கள்.

ஒன்றை மட்டும் பெற்றோர் மறக்க வேண்டாம். குழந்தை பள்ளிக்குப் போன சமயம் பார்த்து, வாடிய செடியைப் பிடுங்கி வேறு செடி நட்டு வைக்காதீர்கள். அன்பினால்தான் செய்கிறோம், ஆனால், அந்த நிமிஷத்தில் பாத்தி கை மாறிவிடுகிறது.

ஆவூரை விட்டுப் புறப்படும்போது பாத்தியை இன்னொரு முறை பார்த்தோம். ஒரு செடியில் ஒரே ஒரு காய் பறிக்கப்படாமல் இருந்தது. முற்றிய காயைச் செடியில் விட்டால் புதுக் காய் குறையும் என்று நம் பாண்டித்தியத்தைச் சொன்னோம். சிறுமி நம்மைச் சற்றுப் பரிதாபத்தோடு பார்த்தாள்.

"தெரியும். அது விதைக்கு. காஞ்சு வெடிக்கிறவரைக்கும் யாரும் தொடக்கூடாது. ஆடியிலே போடணும்" என்றாள்.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த ஐயா ஒன்றும் பேசவில்லை. அவரை யாரும் கேட்கவில்லை அல்லவா?