பழைய டிரெட்மில்: ஓடித் தேய்ந்ததா, நின்று கெட்டதா?

வீட்டு டிரெட்மில் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். வாங்கிய புதிதில் சில வாரம் ஓடும். பிறகு மடக்கிச் சுவரோரம் நிறுத்தப்பட்டு, கைப்பிடியில் துணி காயும். வீடு மாறும்போதோ, பிள்ளைகளுக்குத் தனி அறை தேவைப்படும்போதோ அதன் படம் ஓஎல்எக்ஸ் தளத்திலும் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவிலும் ஏறும். ‘வாங்கியதிலிருந்து அதிகம் பயன்படுத்தவே இல்லை’ என்ற வரியும் கூடவே வரும். பெரும்பாலும் அது உண்மைதான். வாங்குபவர் நிதானிக்க வேண்டிய இடமும் அதுவே.

சும்மா நிற்கும் இயந்திரத்தில் பெல்ட்டுக்கும் அடிப்பலகைக்கும் இடையே இருக்கும் சிலிகான் எண்ணெய் தூசி படிந்து பயனற்றுப்போகிறது. அடிப்பலகை, பெரும்பாலான வீட்டு மாடல்களில், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை. பால்கனியில் மழைச்சாரல் பட்டாலும், தரை துடைக்கும் தண்ணீர் ஓரத்தில் ஏறினாலும் அது உப்பிவிடும். கடலோர ஊர்களின் உப்புக்காற்று உருளைகளின் பேரிங்கையும் திருகுகளையும் அரிக்கும். மோட்டார் மூடிக்குள் எலி புகுந்து வயரைக் கடிக்கும். பல்லி சர்க்யூட் போர்டில் விழுந்து ஷார்ட் ஆகும். வெளியே பளபளப்பாக இருக்கும் இயந்திரத்தின் உள்ளே இவற்றில் எது நடந்திருக்கிறது என்பது விற்பவருக்கே பல நேரம் தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை; திறந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

டிரெட்மில்லின் தேவை இங்கே மெய்யானது. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. நாட்டில் 11.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறக்குறைய 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கணித்தது. வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ‘தினமும் நடங்கள்’ என்று மருத்துவர் சொல்வதும் இதைத்தான். ஆனால் நடைபாதையில் கடையும் இருசக்கர வாகனமும் நிற்கின்றன; கோடையில் காலை எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது; தெருநாய் பயம் முதியோரை வீட்டுக்குள் முடக்குகிறது. 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய பொது முடக்கத்தில் உடற்பயிற்சிக் கூடங்களும் மூடப்பட்டதால், பல வீடுகளுக்கு டிரெட்மில் வந்தது. அப்போது வாங்கியவற்றில் பலவற்றுக்கு இன்று உத்தரவாதக் காலம் முடிந்திருக்கும். விலை மதிப்பில் விழும் பெரும்பகுதியை முதல் உரிமையாளரே தாங்கிவிடுவதால், பார்த்து வாங்குபவருக்குப் பழைய இயந்திரம் லாபமே. பார்த்து வாங்குவது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டிரெட்மில்லின் உயிர்நாடி பெல்ட்டுக்கும் பலகைக்கும் இடையிலான வழுக்கல். அது குறைந்தால் உராய்வு கூடும். உராய்வு கூடினால் பெல்ட்டை இழுக்க மோட்டார் கூடுதல் மின்சாரம் எடுக்கும். அந்தச் சுமை மோட்டாரைக் கட்டுப்படுத்தும் போர்டில் போய் விழும். ‘போர்டு போய்விட்டது’ என்று மெக்கானிக் சொல்லும் பல பழுதுகளின் தொடக்கம் காய்ந்த பெல்ட்தான். புதுப் போர்டு மாட்டிவிட்டுத் தேய்ந்த பெல்ட்டை அப்படியே விட்டால், அந்தப் போர்டும் அதே வழியில் போகும்.

அதனால் முதல் சோதனை கைவிரல் சோதனை. பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, நடுப்பகுதி வரை கையை உள்ளே விட்டுத் தடவ வேண்டும். விரலில் மெல்லிய வழுவழுப்பு ஒட்டினால் எண்ணெய் இருக்கிறது. கறுப்புத் தூள் ஒட்டினால் பெல்ட் தேய்கிறது. பெல்ட்டின் அடிப்புறம் துணி நெசவுபோலச் சொரசொரப்பாக இருப்பது நல்லது. கண்ணாடிபோல வழவழத்துப்போயிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. கால் விழும் இடத்தில் பலகையில் பள்ளமோ, மேல்பூச்சு உரிந்த திட்டோ இருந்தால் பலகையையும் மாற்ற வேண்டும். சில மாடல்களில் பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைப் பயன்படுத்தலாம். எல்லாவற்றிலும் அது முடியாது.

அடுத்து, வீட்டிலேயே எடை கூடுதலாக உள்ளவரை மேலே ஏற்றி மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கவிட வேண்டும். விற்பவர்கள் வழக்கமாக வேகத்தை 10க்கு ஏற்றி, ஆளில்லாத பெல்ட் சீறி ஓடுவதைக் காட்டுவார்கள். அதில் தெரிவது குறைவு. மோட்டாருக்குக் கடினமானது மெதுவான வேகத்தில் கனமான ஆளைச் சுமப்பதே. கால் ஊன்றும் ஒவ்வொரு தடவையும் பெல்ட் நின்று நின்று போனால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், மோட்டாரை உருளையோடு இணைக்கும் பெல்ட் வழுக்கலாம், மோட்டாரே தளர்ந்திருக்கலாம். முதலாவது, பின்னுருளையின் இரு திருகுகளை ஆலன் கீயால் அரைச் சுற்று முடுக்கினால் சரியாகும் வேலை. மூன்றாவது அப்படியல்ல. இந்த நடை 20 நிமிடமாவது தொடர வேண்டும், ஏனெனில் சூடேறிய பிறகே தலைகாட்டும் கோளாறுகள் உண்டு. கருகல் வாடை, மூடியின் மேல் கை வைக்க முடியாத சூடு, திரையில் பிழைக்குறியீடு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மோட்டார் மூடி சில திருகுகளில்தான் நிற்கிறது. விற்பவரின் அனுமதியோடு, பிளக்கைக் கழற்றிச் சில நிமிடம் விட்ட பிறகு, தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு அதைத் திறந்து பார்ப்பது மிகுந்த பலன் தரும். டிசி மோட்டாரில் கார்பன் பிரஷ் எவ்வளவு மிச்சம், போர்டில் கருகிய தடம் உண்டா, எலிப் புழுக்கை கிடக்கிறதா என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். அவரிடம் டாங் டெஸ்டர் இருந்தால், ஆள் நடக்கும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதையும் அளந்துவிடலாம்.

திரை காட்டும் வேகம் சரியா என்பதை அறிய ஒரு சாக்பீஸ் போதும். பெல்ட்டின் முழுச் சுற்றளவை அளவுநாடாவால் அளந்து, ஓர் இடத்தில் கோடு போட வேண்டும். மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 100 மீட்டர். பெல்ட் 2.8 மீட்டர் இருந்தால் அந்தக் கோடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 36 முறை வர வேண்டும். 30 முறைதான் வருகிறது என்றால் வேகம் 5 கிலோமீட்டர்தான். உடல்நிலைக்காக அளந்து நடப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

மோட்டாரின் திறனைப் பற்றிய விளம்பரங்களைத் தனியாகவே பார்க்க வேண்டும். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ‘5 எச்பி’ என்று ஒட்டியிருந்தால் 3,730 வாட். வீட்டில் கீசருக்கும் ஏசிக்கும் போடும் 16 ஆம்பியர் பவர் பிளக், 230 வோல்ட்டில் தாங்கும் எல்லையே 3,680 வாட்தான். ஆக, அந்த இயந்திரம் அந்தத் திறனைத் தொடர்ந்து தருவதற்கு வழியே இல்லை. அது ‘பீக்’ எனப்படும் கண நேர உச்சம். வாங்குபவருக்கு வேண்டியது தொடர்ந்து தரக்கூடிய குதிரைத்திறன். நடைக்கு அது ஒன்றரை முதல் இரண்டு, ஓட்டத்துக்கு இரண்டரைக்கு மேல் இருப்பது நல்லது. மோட்டாரின் மேலேயே ஒட்டியிருக்கும் தகட்டில் அந்த விவரம் கிடைக்கும். வெளிப்புற ஸ்டிக்கரை நம்ப வேண்டியதில்லை. மின்கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். 600 வாட் இழுத்தாலும், தினமும் அரை மணி நேரம் நடந்தால் மாதத்துக்கு 9 யூனிட்.

மூடப்படும் உடற்பயிற்சிக் கூடங்களிலிருந்து வரும் கனரக இயந்திரங்கள் பலரை ஈர்க்கின்றன. அவற்றின் ஏசி மோட்டாரும் தடித்த சட்டமும் வீட்டு மாடல்களைவிடப் பல மடங்கு உறுதி. எனினும் 150 கிலோவுக்கு மேல் எடை, தனி வயரிங், நாளெல்லாம் பலர் ஓடிய தேய்மானம், வீட்டு மாடலைவிட விலை கூடிய போர்டு என்று செலவு பின்னாலேயே வரும். வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் சில 110 வோல்ட்டுக்குச் செய்தவை. தரைத்தளத்தில் சொந்த வீடும், பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் உள்ளவர்களுக்கு மட்டுமே அவை பொருந்தும்.

எல்லாச் சோதனைகளிலும் தேறிய இயந்திரத்தையும் வீணாக்கக்கூடிய ஒன்று உண்டு: உதிரிபாகம் கிடைக்காமை. ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டு வெவ்வேறு பெயர்களில் விற்கப்படும் மாடல்கள் ஏராளம். சில ஆண்டுகளில் பெயர் மறைந்துவிடும், சேவை எண் எடுக்காது, போர்டு எந்த மாடலுக்கும் பொருந்தாது. அதனால் பணம் கொடுக்கும் முன்பு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, சேவை மையத்தையோ உள்ளூர் மெக்கானிக்கையோ அழைத்து, இந்த மாடலின் போர்டும் பெல்ட்டும் இப்போது கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டுவிட வேண்டும். பதில் கிடைக்காத இயந்திரம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பாகம் கிடைக்கும் ஐந்து வருடப் பழைய இயந்திரம், பாகம் கிடைக்காத ஒரு வருட இயந்திரத்தைவிட மேல்.

விலையையும் இதைக் கொண்டே தீர்மானிக்கலாம். அதே மாடல் அல்லது அதற்கு இணையான புதிய மாடல் இன்று விற்கும் விலையில் பாதியை உச்சமாக வைத்து, மாற்ற வேண்டிய பாகங்களின் செலவையும் கொண்டுவரும் கூலியையும் அதிலிருந்து கழிப்பது நியாயமான கணக்கு. விற்பவர் வாங்கிய காலத்து ரசீது விலைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

கொண்டுவருவதில் கெட்டுப்போனவையும் பல. குட்டி யானை வண்டியில் ஏற்றும்போது மடக்கிய பலகை திறந்துகொள்ளாதபடி கயிற்றால் கட்ட வேண்டும். கைப்பிடித் தூண்களைக் கழற்றினால், அவற்றுக்குள் ஓடும் வயரின் இணைப்பை இழுக்காமல் பிரிக்க வேண்டும். ‘வீட்டுக்கு வந்ததும் திரை எரியவில்லை’ என்ற புகாருக்குக் காரணம் பல நேரம் அந்த வயரே.

வீட்டில் அதற்கு எர்த் உள்ள பவர் பிளக் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகக் கூடாது. எண்ணெய் போட நேர்ந்தால் சிலிகான் மட்டுமே. தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் பெல்ட்டைக் கெடுத்துவிடும். பின்பக்கம் இரண்டு மீட்டராவது வெற்றிடம் வேண்டும், சுவரை ஒட்டிப் போட்டால் தவறி விழுபவர் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவில் சிக்குவார்.

குழந்தைகள் உள்ள வீட்டில் எச்சரிக்கை இன்னும் கூட வேண்டும். அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனம் 2021 மே மாதம் தனது டிரெட் பிளஸ் மாடலில் சுமார் 1,25,000 இயந்திரங்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஓடும் பெல்ட்டின் பின்முனையில் குழந்தைகள் உள்ளே இழுக்கப்பட்ட நிகழ்வுகளும், ஆறு வயதுக் குழந்தை ஒன்றின் மரணமும் அதற்குக் காரணம். விலையுயர்ந்த புதிய இயந்திரத்திலேயே இந்த ஆபத்து இருந்தது. உடையில் மாட்டிக்கொள்ளும் சிவப்புப் பாதுகாப்புச் சாவி பழைய இயந்திரங்களில் அடிக்கடி தொலைந்துபோயிருக்கும். அதற்குப் பதிலாக ஏதோ ஒரு காந்தத்தை ஒட்டி ஓட்டிக்காட்டுவார்கள். சரியான சாவியும் கயிறும் இல்லாமல் வாங்கக் கூடாது. இழுத்ததும் பெல்ட் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நடை முடிந்ததும் சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

தொழிலாக விற்காத தனிநபரிடம் வாங்கிய பொருள் பழுதானால் நுகர்வோர் ஆணையத்தில் தீர்வு பெறுவது எளிதல்ல. அதனாலேயே உற்பத்தியாளரின் பொறுப்பு இங்கே பெரிதாகிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசி உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், நீடித்துழைக்கும் வீட்டுப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது முன்னிறுத்துகிறது. உடற்பயிற்சி இயந்திரங்களையும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். போர்டும் பெல்ட்டும் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதையும், மோட்டார் தொடர்ந்து தரும் குதிரைத்திறன் எவ்வளவு என்பதையும் பெட்டியின் மீதே அச்சிட வேண்டும் என்று துறை உத்தரவிட வேண்டும்.