பன்னிக்கு வைத்த அவுட்டுக்காயைக் கடிப்பது நம்ம மாடு!



காட்டுப்பன்றியால் நாம் படும் பாடு ஊருக்கே தெரியும். கடலைக்காய், மக்காச்சோளம், மரவள்ளி, வாழை என்று எதை வைத்தாலும் ஒரே ராத்திரியில் உழுது போட்ட மாதிரி ஆக்கிவிட்டுப் போகிறது. வட்டிக்கு வாங்கி விதைத்தவன் விடியக்காலையில் வரப்பு மேல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். அந்த வயிற்றெரிச்சலில்தான் சில பேர் வேலி ஓரம் சுருக்குக் கம்பி கட்டுகிறார்கள், அவுட்டுக்காய் வைக்கிறார்கள், கள்ளத்தனமாக வேலியில் கரண்ட் விடுகிறார்கள். அவர்களைத் திட்டுவதற்காக இந்த நோட்டீசை அச்சடிக்கவில்லை. ஆனால் சங்கம் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தக் கண்ணிகளில் பன்றிக்கு முன்னால் போய் மாட்டுவது நம்ம வீட்டு நாயும், ஆடும், மாடும்தான்.

யோசித்துப் பாருங்கள். பன்றி என்றைக்கோ ஒரு நாள் வருகிறது. நம்ம நாய் தினமும் அதே வேலிச் சந்தில்தான் நுழைகிறது. ராத்திரி சின்னச் சத்தம் கேட்டாலும் குரைத்துக்கொண்டு அங்கேதான் ஓடுகிறது. சுருக்கில் கழுத்தைக் கொடுத்த நாய் பயந்து இழுக்கும். இழுக்க இழுக்கக் கம்பி இறுகும். பைக் கிளட்ச் ஒயர் அளவுக்கு மெல்லிய கம்பி, தோலை அறுத்துக்கொண்டு எலும்பு வரைக்கும் போகும். கழுத்து இறுகினால் குரைக்கக்கூட முடியாது. நாம் விடியும் வரை தேட மாட்டோம்; "எங்கயாவது சுத்தப் போயிருக்கும்" என்று விட்டுவிடுவோம். இடுப்பில் மாட்டினால் இன்னும் கொடுமை. கம்பியை அறுத்துக்கொண்டு வீடு வந்து சேரும், ரோமத்துக்குள் கம்பி கிடப்பது கண்ணுக்குத் தெரியாது, நாலு நாள் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். பூனைக்கும் இதே கதிதான். பூனையை யார் கணக்கில் வைக்கிறார்கள்? ஆனால் நெல் மூட்டையும் சோளக் கதிரும் எலிக்குப் போகாமல் காப்பது அதுதானே!

அவுட்டுக்காய் இதைவிடப் பாவம் பிடித்தது. தீனிக்குள் வெடிமருந்து, கடித்த நொடியில் வெடிக்கும். நாய் என்றால் அங்கேயே தலை சிதறிப் போகும். மாடு உடனே சாகாது, அதுதான் கொடுமை. தாடை பிளந்து, நாக்கு கிழிந்து நிற்கும். பசி இருக்கும், தின்ன முடியாது. தாகம் இருக்கும், குடிக்க முடியாது. தொட்டித் தண்ணியில் வாயை வைத்துவிட்டு எடுத்துவிடும். டாக்டர் வந்து பார்த்தாலும் பல நேரம் கையை விரிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. ரெண்டு வேளையும் சொசைட்டிக்குப் பால் ஊத்தி, அந்தக் காசில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைப் பார்க்கிற வீட்டுக்கு அந்தப் பசுதான் சம்பாத்தியம். சிறுத்தை அடித்தால் வனத்துறையிடம் மனுக் கொடுத்து நிவாரணம் கேட்கலாம். பக்கத்துக் காட்டுக்காரன் வைத்த வெடியில் செத்தால் யாரிடம் கேட்பது?

2020 மே மாதம் கேரளாவில் பாலக்காடு மாவட்டத்தில், வெடியைக் கடித்த சினை யானை ஒன்று வெள்ளியாற்றுத் தண்ணியில் நின்றபடியே செத்தது. நாடே பேசியது, பேசட்டும். நம்ம மாடு அதே மாதிரி வாய் கிழிந்து செத்தால் பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்!

கரண்ட் வேலியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சூரியசக்தி வேலியில் கரண்ட் விட்டு விட்டுத் துடிப்பாக வரும். ஷாக் அடித்துத் தள்ளிவிடும். மெயின் லைனிலிருந்து நேராக இழுத்த கரண்ட் பிடித்தால் விடாது. அதில் பன்றியும் சாகும், நாயும் சாகும், ராத்திரி தண்ணி திருப்பப் போன மனுசனும் சாவான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் வேலிக் கரண்டில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. விவசாயி ஜெயிலுக்குப் போனார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாக் கண்ணியும் விவசாயி வைத்தது அல்ல. கறிக்காகப் பன்றி பிடிக்கிற கும்பல் ராத்திரியோடு ராத்திரியாக வந்து நம்ம வரப்பில் வைத்துவிட்டுப் போகிறது. நாய் செத்தால் நட்டம் நமக்கு. வனத்துறை வந்தால் கேள்வியும் நமக்கு! "உன் பட்டா நிலத்துலதானே கிடந்துச்சு?" என்பார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பதே வேட்டைதான். பன்றி விழுந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

நாம் எதற்காகப் போராடுகிறோம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பயிருக்கு நியாயமான நட்டஈடு கொடு, பன்றியைக் கட்டுப்படுத்துவது அரசின் வேலை என்கிறோம். 2025 ஜனவரியில் அரசு ஓர் அறிவிப்புச் செய்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாமாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடுவார்களாம். 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாதாம். காட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு கிலோமீட்டரில்தானே முழு அழிவும் நடக்கிறது! இதைக் கேட்டு நாம் அதிகாரிகள் முன்னால் நிற்கும்போது, அவர்கள் மேசை மேல் ஒரு சுருக்குக் கம்பியை எடுத்துப் போட்டால் என்ன ஆகும்? நட்டஈட்டுப் பேச்சு நின்றுபோகும், கேஸ் பேச்சு ஆரம்பிக்கும். நம்ம நியாயத்தை நாமே அவர்கள் கையில் கொடுக்கலாமா?

ஆகவே ஒவ்வொரு ஊரிலும் நாலு பேர் சேர்ந்து பகலில் வேலியோரம் நடந்து பாருங்கள். சுருக்குக் கம்பி இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். அவுட்டுக்காய் மாதிரி எதையாவது பார்த்தால் கையால் தொடாதீர்கள். குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் தள்ளி நிறுத்திவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள். சுருக்கில் நாய் மாட்டியிருந்தால் வலியில் நம்மையே கடிக்கும். தலை மேல் சாக்கைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, கம்பி இழுபடாமல் முதலில் தளர்த்துங்கள், பிறகு வெட்டுங்கள். காயம் சின்னதாகத் தெரிகிறது என்று விட்டுவிடாமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். உள்ளே அழுகல் பிறகுதான் தெரியும். மாடு என்றால் 1962க்குப் போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

வெடியிலும் சுருக்கிலும் நாய், ஆடு, மாடு பறிகொடுத்தவர்கள் தேதி, இடம், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பயிர் அழிந்த போட்டோவும் வேண்டும். கலெக்டர் ஆபீசில் அடுத்து நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊருக்கு ஐந்து பேராவது வந்து சேருங்கள். காட்டை ஒட்டிய ஒரு கிலோமீட்டருக்கு என்ன வழி, மானிய வேலிக்குப் பங்குப் பணம் கட்ட முடியாத சிறு விவசாயிக்கு என்ன வழி என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்காமல் அங்கிருந்து எழுந்திருக்கப் போவதில்லை.